பத்து ஆட்டத்தில் ஒருவரைப் படித்துவிட முடியுமா?

கணினித் திரையில் ஒரு பச்சை மேசை. சுற்றிலும் ஆறு புனைபெயர்கள். யாருடைய முகமும் தெரியாது, குரலும் கேட்காது. கை நடுங்குகிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று பார்க்க வழியே இல்லை. இருந்தும் இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் ஆடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “அந்த மூன்றாம் நாற்காலிக்காரர் பயந்தவர், கொஞ்சம் மிரட்டினால் ஓடிவிடுவார்” என்று உறுதியாகச் சொல்வார்கள்.

எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? எதிராளி ஒவ்வொருவருக்கும் ஏற்ப நம் ஆட்டத்தை மாற்றிக்கொள்வது உண்மையிலேயே பலன் தருமா? தரும் என்றால், எவ்வளவு தூரம் மாற்றலாம்?

இந்தக் கேள்விகள் சூதாட்டக்காரர்களுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். கணிதமும் கணினி அறிவியலும் இவற்றுக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. அந்த உழைப்பின் பலன் மலேசியக் காடுகளில் புலிகளைக் காக்கும் வேலை வரை போயிருக்கிறது. அங்கே போவதற்கு முன், சிறுவர் விளையாட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

கல், காகிதம், கத்தரிக்கோல்

கல் கத்தரிக்கோலை வெல்லும். கத்தரிக்கோல் காகிதத்தை வெல்லும். காகிதம் கல்லை வெல்லும். நாம் எல்லாரும் ஆடிய ஆட்டம்தான்.

இதில் நீங்கள் மூன்றையும் சம அளவில், எந்த ஒழுங்கும் இல்லாமல் மாற்றி மாற்றிக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நீண்ட ஆட்டத்தில் அவரால் உங்களிடமிருந்து லாபம் பார்க்க முடியாது. அதே சமயம், அவர் எவ்வளவு மோசமாக ஆடினாலும் உங்களுக்கும் லாபம் வராது. வெற்றியும் தோல்வியும் சமமாகிவிடும். இது பாதுகாப்பான வழி.

இப்போது எதிராளிக்கு ஒரு பழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு முறை ஆடினால் 50 முறை கல்லையும், 25 முறை காகிதத்தையும், 25 முறை கத்தரிக்கோலையும் காட்டுகிறார். அதைக் கண்டுபிடித்த நீங்கள் எப்போதும் காகிதத்தையே காட்டுகிறீர்கள். 50 முறை வெல்வீர்கள், 25 முறை தோற்பீர்கள், 25 முறை சமன். நூறு ஆட்டத்துக்கு 25 புள்ளி லாபம். இது எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்தும் வழி.

ஆனால் எப்போதும் காகிதம் காட்டும் உங்களையும் எதிராளி கவனிக்கலாம். அவர் கத்தரிக்கோலுக்கு மாறிவிட்டால், நூறு ஆட்டத்துக்கு நூறும் தோல்வி. 25 புள்ளி லாபத்துக்காக 100 புள்ளி ஆபத்தை நீங்களே வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். எதிராளிக்காக நம் ஆட்டத்தை எந்த அளவுக்கு வளைக்கிறோமோ, அந்த அளவுக்கு நம் கதவும் திறக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் வரும்.

இருவர் ஆடும், ஒருவர் லாபம் மற்றவர் நட்டமாகும் ஆட்டங்களில் பாதுகாப்பான வழி ஒன்று இருந்தே தீரும் என்று 1928இல் நிறுவியவர், ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன். 1944இல் அவர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. 1950இல் ஜான் நாஷ் இந்தக் கருத்தைப் பலர் ஆடும் ஆட்டங்களுக்கும் விரிவாக்கினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்விலும் மூவர் ஆடும் ஓர் எளிய போக்கர் ஆட்டம் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. அவர் பெயரால் ‘நாஷ் சமநிலை’ என்று அழைக்கப்படும் அந்தக் கருத்து 1994இல் அவருக்குப் பொருளியல் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது.

பொய்க்கும் ஒரு விகிதம் உண்டு

இனி போக்கருக்கு வருவோம். இன்று பரவலாக ஆடப்படும் ‘டெக்சஸ் ஹோல்டம்’ வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் இருக்கும். மற்றவர்களுக்கு அவை தெரியாது. மேசை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். மொத்தம் நான்கு சுற்றுகள் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் கட்டலாம், பிறர் கட்டியதை ஏற்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். கடைசியில் சிறந்த ஐந்து சீட்டுச் சேர்க்கை உள்ளவருக்கு நடுவில் குவிந்த பணம் போகும். மற்ற எல்லாரும் விலகிவிட்டால், எஞ்சியவர் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் ‘பிளஃப்’ பிறக்கிறது. கையில் ஒன்றும் இல்லாமல், பெரிய சீட்டு இருப்பதுபோல் பந்தயம் கட்டி எதிராளியை விரட்டுவதுதான் பிளஃப்.

கடைசிச் சுற்று என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 100 வெள்ளி இருக்கிறது. நீங்கள் இன்னொரு 100 வெள்ளி கட்டுகிறீர்கள். எதிராளி 100 வெள்ளி போட்டால் 200 வெள்ளி கிடைக்கும் வாய்ப்பு. அதாவது, மூன்றில் ஒரு முறை அவர் வென்றாலே கணக்கு நேராகிவிடும். ஆகவே, நீங்கள் இப்படிக் கட்டும் மூன்று பந்தயங்களில் இரண்டு உண்மையாகவும் ஒன்று பிளஃபாகவும் இருந்தால், அவர் ஏற்றாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றுதான். இரண்டுக்கு ஒன்று என்பது இந்த அளவுப் பந்தயத்துக்கான பாதுகாப்பான விகிதம்.

அவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் பிளஃப் 100 வெள்ளியை ஆபத்தில் வைத்து 100 வெள்ளியைப் பிடிக்கப் பார்க்கிறது. அவர் பாதிக்கு மேல் விலகினால் நீங்கள் எதைக் கட்டினாலும் லாபம்தான். எனவே அவர் சரிபாதி முறையாவது ஏற்க வேண்டும்.

இப்போது இரண்டு எதிராளிகளைப் பாருங்கள். முதலாமவர் நூற்றுக்கு 70 முறை விலகுகிறார். நீங்கள் நூறு முறை பிளஃப் செய்தால் 70 முறை 100 வெள்ளி வரும், 30 முறை 100 வெள்ளி போகும். சராசரியாக ஒரு பிளஃபுக்கு 40 வெள்ளி லாபம். இரண்டாமவர் யாரையும் நம்பாதவர். நூற்றுக்கு 80 முறை ஏற்றுவிடுகிறார். அவரிடம் அதே பிளஃப் சராசரியாக 60 வெள்ளி நட்டம்.

பிளஃப் ஒன்றுதான், சீட்டும் ஒன்றுதான். எதிரில் இருப்பவர் மாறியதும் 100 வெள்ளி வித்தியாசம் வந்துவிடுகிறது. முதலாமவரிடம் அடிக்கடி மிரட்டலாம். இரண்டாமவரிடம் மிரட்டலை அடியோடு நிறுத்திவிட்டு, நடுத்தரமான சீட்டு வந்தாலும் பந்தயம் கட்டலாம். அவர்தான் ஏற்றுக்கொள்வாரே! எதிராளிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றுவது என்பதன் சாரம் இவ்வளவுதான்.

திரையில் ஓடும் எண்கள்

ஆனால் எதிராளி 70 விழுக்காட்டுக்காரரா, 80 விழுக்காட்டுக்காரரா என்று நமக்கு யார் சொல்வது?

இணைய ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் பதிவாகிறது. அந்தப் பதிவுகளைச் சேகரித்து, எதிராளியின் பெயருக்குப் பக்கத்திலேயே எண்களாகக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. தனக்குக் கிடைக்கும் நூறு கைகளில் எத்தனையில் அவர் விரும்பிப் பணம் போடுகிறார்? எத்தனையில் தொடக்கத்திலேயே பந்தயத்தை உயர்த்துகிறார்? மிரட்டப்பட்டால் எத்தனை முறை விலகுகிறார்? இப்படிப் பல அளவுகள்.

முதல் இரண்டு எண்களை வைத்தே ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். குறைவாக நுழைந்து அடக்கமாக ஆடுபவர். குறைவாக நுழைந்து, நுழைந்ததும் அடித்து ஆடுபவர். கண்ட சீட்டுக்கும் நுழைந்து, ஏற்பதை மட்டுமே செய்பவர். கண்ட சீட்டுக்கும் நுழைந்து, எப்போதும் உயர்த்திக்கொண்டே இருப்பவர். இவர்களில் மூன்றாமவரிடம் பிளஃப் செய்வது வீண். நான்காமவரிடம் பொறுமையாகக் காத்திருந்தால் அவரே பணத்தை உங்கள் பக்கம் தள்ளுவார்.

இந்த எண்கள் புதியவர்களை வேட்டையாட உதவுகின்றன என்பதால் சில தளங்கள் இத்தகைய மென்பொருளைத் தடை செய்கின்றன. இன்னும் சில, ஆட்டக்காரர்களின் பெயர்களையே மறைத்துவிடுகின்றன.

ஏழு முறை விலகினார், அதனால்?

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஒருவரைப் பத்து முறை மிரட்டியதில் ஏழு முறை விலகினார் என்று வைத்துக்கொள்வோம். “70 விழுக்காடு! பயந்தவர்!” என்று மனம் முத்திரை குத்திவிடும். புள்ளியியல் என்ன சொல்கிறது?

அவர் உண்மையில் சரிபாதி முறை மட்டுமே விலகுபவராக இருந்தாலும், பத்தில் ஏழு முறையோ அதற்கு மேலோ விலகுவதற்கு 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுவதில்லையா, அதுபோலத்தான். மேசையில் உங்களுக்கு எதிராக ஐந்து பேர். ஐவருமே சரிபாதிக்காரர்கள். ஆனாலும், ஒவ்வொருவரையும் பத்து முறை மிரட்டிப் பார்த்தால், குறைந்தது ஒருவராவது ‘பயந்தவர்’ போலத் தெரிவதற்கு 61 விழுக்காடு வாய்ப்பு. இல்லாத பலவீனத்தைப் பார்த்துவிட்டு அவர்மேல் பணத்தை இறைக்கத் தொடங்குவீர்கள்.

பத்துக்கு ஏழு என்ற பதிவிலிருந்து அவருடைய உண்மையான பழக்கத்தைக் கணித்தால், அது 40 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நம் பிளஃபுக்குத் தேவையான எல்லைக்கோடு 50. அதற்குக் கீழேயும் அவர் இருக்கக்கூடும், மேலேயும் இருக்கக்கூடும். நூற்றுக்கு எழுபது என்றால் இடைவெளி 60 முதல் 78 வரை சுருங்கும். ஆயிரத்துக்கு எழுநூறு என்றால் 67 முதல் 73 வரை. நூறு பதிவு இருந்தால்தான் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

நூறு பதிவு என்பது நூறு ஆட்டம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவர் விரும்பிப் பணம் போடுகிறாரா என்பதை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். ஆனால் கடைசிச் சுற்றில் பெரிய மிரட்டலுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கும் சந்தர்ப்பம் ஐம்பது ஆட்டத்துக்கு ஒரு முறை வந்தால், நூறு பதிவுக்கு ஐயாயிரம் ஆட்டம் வேண்டும். அதற்குள் அவர் ஆட்டமே மாறிப்போயிருக்கலாம். பெரிய தொகை தோற்றவர் ஆத்திரத்தில் ஆடுவார். தூக்கக் கலக்கத்தில் ஆடுபவர் வேறு மாதிரி ஆடுவார்.

கோப்பிக்கடைக்காரரின் கணக்கு

அப்படியானால் ஐயாயிரம் ஆட்டம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் பேட்டைக் கோப்பிக்கடைக்காரர் வழியைப் பின்பற்றலாம்.

கடைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் தன் கடைக்கு வருவோரில் பெரும்பாலோர் பால் கலந்த தே கேட்பார்கள் என்பது தெரியும். புதியவரும் அப்படித்தான் இருப்பார் என்ற அனுமானத்தில் தொடங்குகிறார். இரண்டு நாள் அவர் தே-ஓ கேட்டால், ‘இவர் பால் சேர்க்காதவரோ?’ என்று மனத்தில் ஒரு குறிப்பு. ஒரு மாதம் தே-ஓவே கேட்டால், தலை தெரிந்ததுமே தே-ஓ கலக்கத் தொடங்கிவிடுவார். முதல் நாளிலேயே முடிவு செய்வதும் இல்லை, முப்பதாம் நாளிலும் பழைய அனுமானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1763இல் வெளியானது. இந்த வகைச் சிந்தனைக்கான கணித அடித்தளம் அதில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அதைப் பொருத்திப் பார்ப்போம். பொதுவாக ஆட்டக்காரர்கள் சரிபாதி முறை விலகுவார்கள் என்பது நம் முன் அனுமானம். அந்த அனுமானத்துக்கு இருபது பதிவுகளின் எடை கொடுப்போம். அதாவது, ஏற்கனவே இருபதில் பத்து முறை விலகியதைப் பார்த்ததுபோல் தொடங்குவோம்.

பத்துக்கு ஏழைச் சேர்த்தால் 30க்கு 17, அதாவது 57 விழுக்காடு. மனம் சொன்ன 70 அல்ல. பிளஃபின் எதிர்பார்ப்பு லாபமும் 40 வெள்ளியிலிருந்து ஏறத்தாழ 13 வெள்ளியாக இறங்கிவிடுகிறது. நூற்றுக்கு எழுபதைச் சேர்த்தால் 120க்கு 80, ஏறத்தாழ 67 விழுக்காடு. சான்று கூடக் கூட அனுமானத்தின் பிடி தானாகத் தளர்கிறது.

எவ்வளவு வளைவது?

எதிராளியைப் பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி: அதை நம்பி எவ்வளவு வளையலாம்?

1999இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டார்ஸ் பில்லிங்ஸ் கணினி நிரல்களுக்கான ஒரு போட்டியை நடத்தினார். போட்டி எதில் தெரியுமா? கல், காகிதம், கத்தரிக்கோலில்! வென்றது டான் எக்னர் எழுதிய ‘அயோகேன் பவுடர்’ என்ற நிரல். எதிராளியின் பழக்கத்தைக் கணிக்கும், எதிராளி தன்னைக் கணிப்பதையும் கணிக்கும். ஆனால் அதன் உள்ளே ஒரு தற்காப்பும் இருந்தது. கணிப்புகள் எதுவும் பலிக்கவில்லை என்றால், குருட்டாம்போக்கில் ஆடும் பாதுகாப்பான வழிக்குத் திரும்பிவிடும்.

அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜோஹான்சன், மார்ட்டின் சின்கெவிச், மைக்கேல் பௌலிங் ஆகியோர் 2007இல் போக்கரில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தனர். எதிராளியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, அவரை வெல்லவென்றே முழுக்க வளைந்த ஓர் ஆட்டமுறையைக் கணினியால் உருவாக்க முடிந்தது. அது குறிவைத்த எதிராளியை நன்றாகவே அடித்தது. ஆனால் வேறு எதிராளி வந்து உட்கார்ந்ததும் மோசமாகத் தோற்றது. அளவெடுத்துத் தைத்த சட்டை அடுத்தவருக்குப் பொருந்தாத கதைதான்.

அவர்கள் கண்ட மாற்று வழி எளிமையானது. எதிராளி நாம் நினைப்பதுபோல் ஆடுவார் என்பதை முழுதாக நம்பாதீர்கள். ஒரு பங்கு நம்புங்கள். மீதிப் பங்குக்கு, அவர் நம்மைத் தோற்கடிக்கவே வந்தவர் என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தை அமையுங்கள். இப்படிக் கணக்கிட்டபோது ஒரு நல்ல செய்தி கிடைத்தது. கல், காகிதம், கத்தரிக்கோலில் லாபமும் ஆபத்தும் ஒரே வீதத்தில் ஏறும். போக்கரில் அப்படி இல்லை. கதவைச் சிறிதளவு திறந்தாலே, எதிராளியின் பலவீனத்திலிருந்து கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம். கடைசிச் சிறு லாபத்தைத் துரத்தும்போதுதான் ஆபத்து எகிறுகிறது.

நம்பிக்கையின் பங்கை எப்படி முடிவு செய்வது? சான்றின் அளவை வைத்துத்தான். பத்துப் பதிவு இருந்தால் கொஞ்சம் வளையலாம். ஆயிரம் இருந்தால் நிறைய வளையலாம்.

20 நாள், 120,000 ஆட்டம்

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோல்ம், நோம் பிரவுன் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற நிரல். மறுபக்கம் நான்கு தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர்கள். இருவர் மட்டும் ஆடும், பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத வகை. ஒவ்வொருவரும் நிரலோடு தனித்தனியாக ஆடினர். 20 நாளில் 120,000 ஆட்டம்.

அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவருக்குக் கிடைத்த அதே சீட்டுகள், வேறு அறையில் ஆடிய அவரது கூட்டாளியின் ஆட்டத்தில் நிரலுக்குப் போயின. நல்ல சீட்டு வந்ததால் வென்றார் என்று யாரும் சொல்ல முடியாது.

மனிதர்கள் நால்வரும் ஒவ்வோர் இரவும் கூடி, நிரலின் பலவீனம் எங்கே என்று குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். மறுநாள் அந்த இடத்தில் தாக்கினார்கள். நிரலும் இரவில் சும்மா இருக்கவில்லை. பகலில் எதிராளிகள் தன்னை எந்த இடத்தில் குத்திப் பார்த்தார்கள் என்று பட்டியலிட்டு, மீத்திறன் கணினியின் துணையோடு தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. மனிதர்கள் கண்டுபிடித்த பலவீனம் மறுநாள் காணாமல் போயிருக்கும்.

முடிவில் லிப்ராட்டஸ் 1,766,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளில் முன்னணியில் இருந்தது. அது எதிராளிகளின் பலவீனத்தைத் துரத்தவில்லை. பாதுகாப்பான ஆட்டத்தைத்தான் ஆடியது, எதிராளிகளின் தாக்குதலைத் தன்னைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்தியது. 2019இல் ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற ‘புளூரிபஸ்’ நிரலும் எதிராளிக்கு ஏற்ப மாறாத ஒன்றுதான்.

தேர்ந்த எதிராளிகளிடம் பலவீனம் குறைவு. அங்கே வளைவதால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம். தவறு செய்யும் எதிராளிகளிடம்தான் வளைவது லாபம்.

வென்றவர் உண்மையில் வென்றாரா?

இதைப் படித்துவிட்டு, “கணக்கு தெரிந்துவிட்டது, ஆடிப் பார்க்கலாம்” என்று யாருக்கேனும் தோன்றினால், இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது.

ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும். அவற்றில் பெரியதை ஓர் அலகாக வைப்போம். நூறு ஆட்டத்துக்கு 5 அலகு வெல்பவர் திறமைசாலி. ஆனால் நூறு ஆட்டத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமோ 100 அலகை ஒட்டி இருக்கும். இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால், 10,000 ஆட்டம் முடிந்த பிறகும் அந்தத் திறமைசாலி நட்டத்தில் இருக்கப் பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. நூறு ஆட்டத்துக்கு 5 அலகு தோற்கும் ஒருவர், 10,000 ஆட்டத்துக்குப் பிறகும் லாபத்தில் இருப்பதற்கும் அதே பத்துக்கு மூன்று வாய்ப்பு. அவர் தன்னை வல்லவர் என்று நம்பித் தொடர்ந்து ஆடுவார். அடுத்த 10,000 ஆட்டம் அவரைத் தேடிவரும்.

இதற்கு மேல், தளம் நடத்துபவர் ஆட்டத்துக்கு ஆட்டம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். சமபலம் உள்ள ஆறு பேர் ஆடினால், காலப்போக்கில் ஆறு பேருமே நட்டமடைவார்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெறாத தளத்தில் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மலேசியாவில் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் நடப்பில் இருக்கிறது.

காட்டில் அதே கணக்கு

ஆக, இந்த அறிவை எங்கே பயன்படுத்துவது? எதிராளியின் பழக்கத்தைக் கணித்து, அதே வேளையில் நம் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்காமல் செயல்பட வேண்டிய இடங்கள் பல உண்டு. காட்டுக் காவல் அவற்றில் ஒன்று.

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு காட்டியது. கள்ள வேட்டைக்காரர்கள் கண்ணி வைக்கும் காடு மிகப் பெரியது, காவலர்களோ சிலர். காவலர்கள் தினமும் ஒரே வழியில் போனால், வேட்டைக்காரர் அடுத்த பள்ளத்தாக்கில் கண்ணி வைப்பார். முழுக்கக் குருட்டாம்போக்கில் சுற்றினால், புலியே வராத மேட்டில் நேரம் வீணாகும்.

இதற்காக ஆய்வாளர் மிலிந்த் டாம்பேயின் குழு அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ‘பாஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. 2014இல் உகாண்டாவில் சோதிக்கப்பட்டு, பின்னர் ‘பேந்தரா’, ‘ரிம்பா’ ஆகிய காட்டுயிர் அமைப்புகளின் துணையோடு மலேசியக் காடுகளிலும் பயன்படுத்தப்பட்டது. வேட்டைக்காரர் பிழையே செய்யாத மேதை என்று அது எண்ணுவதில்லை. விலங்குகள் மிகுந்த இடம் அவரை ஈர்க்கும், காவல் மிகுந்த இடம் அவரைத் தடுக்கும், கணிப்பில் அவர் தவறும் செய்வார் என்று பழைய தடயங்களிலிருந்து கற்கிறது. பின்னர், முன்கூட்டியே ஊகிக்க முடியாதபடி காவல் வழிகளை மாற்றி மாற்றித் தருகிறது.

முதல் சோதனையில் அது வரைந்த வழிகள் செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கின. நடந்து பார்த்தவர்கள் சொன்ன பிறகு, மலைமுகடுகளை ஒட்டி வழியமைக்கக் கற்றுக்கொண்டது. போக்கரில் கண்ட அதே சிக்கல் இங்கும் உண்டு. காவலர் போகாத இடத்தில் தடயம் கிடைக்காது. தடயம் கிடைக்கவில்லை என்பதால் அங்கே வேட்டை இல்லை என்று முடிவு கட்டினால், பத்து ஆட்டத்தில் ஒருவரைப் படித்துவிட்டதாக நினைத்த அதே தவறுதான். அங்கே அதற்கான விலை ஒரு புலி.

செய்து பாருங்கள்

காசு வேண்டாம், ஒரு தாளும் பென்சிலும் போதும். வீட்டில் ஒருவருடன் கல், காகிதம், கத்தரிக்கோலை நூறு முறை ஆடுங்கள். அவர் காட்டியதை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். பத்து முறை முடிந்ததும் நிறுத்தி, “இவர் அதிகம் காட்டுவது இது, இத்தனை விழுக்காடு” என்று தாளின் மூலையில் எழுதி மடித்துவிடுங்கள். மீதி 90 முறை ஆடி முடித்தபின், அந்தத் தொண்ணூறில் அவர் உண்மையில் என்ன காட்டினார் என்று எண்ணுங்கள். பிறகு மடித்த மூலையைப் பிரித்துப் பாருங்கள்.

பத்து ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த உறுதிக்கும், தொண்ணூறு ஆட்டம் காட்டிய உண்மைக்கும் உள்ள இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பாடம்.